மிட்சுயோ சொல்லாத ரைட்

மிட்சுயோவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய குரலில்தான் ஆரம்பிக்க வேண்டும். வடக்குத் தீவின் ருமோய் துறைமுகத்தில் பிறந்த யாருக்குமே குரல் சின்னதாக இருக்காது. காற்றோடு மல்லுக்கு நின்று பேசிப் பழகிய ஜனங்கள் நாங்கள். எங்களிலும் மிட்சுயோ ஒரு படி மேல். பத்தொன்பது வயதில் கடற்கரை ரோட்டு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தாள். இந்த நிறுத்தத்தில் அவள் "ரைட்" என்று சொன்னால் அடுத்த நிறுத்தத்தில் நிற்பவன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொள்வான் என்று மீன் கூடைக்காரிகள் கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. "பின்ன, கிசுகிசுன்னா சொல்லுவாங்க?" என்பாள்.

அந்தக் காலத்தில் ரோட்டை ஒட்டியே ரயில் தண்டவாளமும் ஓடியது. ஒரு இடத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம், அடுத்த ஊரில் அந்தப் பக்கம். ரோடும் தண்டவாளமும் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் பஸ் நிற்க வேண்டும், கண்டக்டர் இறங்கி முன்னால் போய் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும், அப்புறம்தான் விசில். பனிக்காற்று வெள்ளைத் துணி போட்டு மூடியது போல் ரோட்டை மறைக்கும் நாளில் பஸ்ஸுக்கு முன்னால் நடந்தே போய் வழி காட்டவும் வேண்டும். கண்டக்டர் வாயிலிருந்து "ரைட்" வராமல் சக்கரம் உருளக் கூடாது. அது கம்பெனிச் சட்டம். மிட்சுயோவுக்கு அது கம்பெனிச் சட்டத்துக்கும் மேல்.

தெய்ஜி புதிதாக வந்த டிரைவர். உள்நாட்டு உருளைக்கிழங்குக் காட்டிலிருந்து வந்தவர், பேச்சு குறைவு, அவசரம் அதிகம். முதல் பனிக்காலத்தில் ஒரு நாள் நேரமாகிவிட்டதே என்று, அவள் ரயில்வே கேட்டுக்கு முன்னால் நிற்கும்போதே வண்டியை நகர்த்திவிட்டார். மிட்சுயோ திரும்பி வந்து பஸ்ஸின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். வண்டி குலுங்கி நின்றது. மேலே ஏறி, பஸ் நிறைய ஆட்கள் பார்க்க, "யோவ் டிரைவர், என் வாய்ல ரைட் வந்துச்சா? வரலல்ல? அப்ப உன் காலு ஏன் பிரேக்க விட்டு எந்திரிச்சுது?" என்று கேட்டாள். பின்சீட்டில் இருந்த ஒரு கூடைக்காரி, "தம்பி, கட்டினா இவளைக் கட்டு, நூறு வயசு இருப்ப," என்றாள்.

கட்டினார். கட்டின கையோடு கண்டக்டர் இல்லாத ஒத்தை ஆள் பஸ் வந்துவிட்டது. மிட்சுயோவையும் மற்றப் பெண்களையும் பூச்செண்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் மீன்முட்டை பதப்படுத்தும் ஆலையில் போய் நின்றாள், உப்புத் தண்ணீரில் கை வெடிக்க வெடிக்க வேலை பார்த்தாள், சிஹாரு என்று ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொள் என்று தெய்ஜி எவ்வளவோ சொல்லியும், "ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர் போதும்" என்று தட்டிக் கழித்துவிட்டாள். அந்த வார்த்தை ஒரு நாள் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவளுக்கு என்ன தெரியும்.

ஆனால் சொந்தக் காரில் பழைய முறை மாறவில்லை. அவர் வலப்பக்கம் விரல் நீட்டி, "வலம் க்ளியர்" என்பார். அவள் இடப்பக்கம் பார்த்து, "ரைட்" என்பாள். அப்புறம்தான் கார் நகரும். கடை வாசலாக இருந்தாலும் சரி, கல்யாண வீட்டு வாசலாக இருந்தாலும் சரி. பள்ளிக்கூடம் போகிற வயதில் சிஹாரு பின்சீட்டில் தலையைக் குனிந்துகொள்வாள். "மத்தவங்க வீட்ல எல்லாம் வண்டி சும்மா கிளம்புதும்மா."

"சும்மா கிளம்பறது இடிக்கத்தான்டி," என்பாள் மிட்சுயோ.

போன வருஷம் இலை உதிரும் சமயத்தில்தான் அது தொடங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், சிக்னலில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். தெய்ஜியின் விரல் வழக்கம்போல நீண்டது. "வலம் க்ளியர்." குரலில் ஒரு குறையும் இல்லை. எதிரே ஒரு மீன் லாரி வந்துகொண்டிருந்தது. மிட்சுயோ பழைய கண்டக்டர் குரலில் "ஹோல்டான்" என்று கத்தியதில் அவர் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. லாரி போன பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. கண் நேராக எங்கேயோ நின்றது. விரல்தான் வலப்பக்கம் பார்த்தது, வாய்தான் க்ளியர் சொன்னது, கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஐம்பது வருஷப் பழக்கத்தில் விரலும் வாயும் அவரைக் கேட்காமலேயே வேலை செய்துகொண்டிருந்தன.

அன்றைக்கு அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மகளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. அதற்குப் பதில் அன்றிலிருந்து இரண்டு பக்கமும் அவளே பார்க்க ஆரம்பித்தாள். அவர் க்ளியர் சொல்வார், அவள் கழுத்தை நீட்டி வலப்பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ரைட் சொல்வாள். சந்தேகம் இருந்தால், "இருங்க, இடப்பக்கம் ஒரு நாய் வருது," என்று இல்லாத நாயைச் சொல்லி நிறுத்திவைப்பாள். கல்யாணமாகி அசாஹிகாவாவில் இருக்கும் சிஹாரு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் கூப்பிட்டுக் கேட்பாள். "அப்பா வண்டி எப்படிம்மா ஓட்டறாரு?"

"அவருக்கென்ன, நல்லாத்தான் ஓட்டறாரு."

ஏன் பொய் சொன்னாள் என்றால், பல காரணம். கார் இல்லாவிட்டால் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்பது ஒன்று. அதைவிடப் பெரிது, ஒரு தடவைகூட விபத்து இல்லாமல் ஓட்டியதற்குக் கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரத்தைத் தினமும் துடைத்துவைக்கிற மனுஷரிடம் போய் எப்படிச் சொல்வது என்பது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு திமிரும் இருந்தது அவளுக்கு. என் கண் இருக்கிறவரைக்கும் இவர் கண்ணுக்கு என்ன, என்ற திமிர்.

வருகிற பனிக்காலத்தில் அவருக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கு ஞாபகப் பரீட்சை உண்டு. "பரீட்சை எல்லாம் எதுக்குப்பா, பேசாம திருப்பிக் கொடுத்துடுங்க," என்று சிஹாரு சொல்லப்போக, தெய்ஜி மூன்று நாள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "மிட்சு, வடமுனைக்குப் போயிட்டு வருவோமா?" என்றார்.

மிட்சுயோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் ஓட்டிய பஸ் தெஷியோவோடு சரி. அங்கே வண்டியைத் திருப்பி, தேநீர் குடித்து, மறுபடி தெற்கே வர வேண்டியதுதான். தெஷியோவுக்கு மேலே ரோடு கடலை ஒட்டி நாட்டின் வடமுனை வரைக்கும் போகிறது என்று பயணிகள் சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் திருப்பாமல் அப்படியே நேரே விட்டால் என்ன என்று அவள் அந்தக் காலத்தில் கேட்டிருக்கிறாள். ஓய்வு பெற்றதும் போவோம் என்றார். ஓய்வு பெற்றும் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவள், "எப்போ போலாம்?" என்று கேட்டுவிட்டாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை. உப்பு சால்மன் வைத்த சோற்று உருண்டை, ஊறவைத்த முள்ளங்கி, பிளாஸ்கில் தேநீர். கிளம்பும்போதே தெய்ஜி இரண்டு தடவை இறங்கி காஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துவந்தார். மூன்றாவது தடவை இறங்கப் போனவரை, "அடுப்பு அணைஞ்சாச்சு, நீங்கதான் இன்னும் பத்தவே இல்ல, எடுங்க வண்டியை," என்று மிட்சுயோ சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவர் சிரித்தார். "வலம் க்ளியர்." அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "ரைட்."

சும்மா சொல்லக்கூடாது, நேர் ரோட்டில் மனுஷர் அருமையாகத்தான் ஓட்டினார். கடல் சாம்பல் நிறத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் கடலுக்கு நடுவே ரிஷிரி மலை அடிவாரம் வரைக்கும் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது. ரோட்டோரக் கம்பங்களில் பனி மூடும்போது ரோட்டின் ஓரத்தைக் காட்டுகிற அம்புக்குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அவருக்குப் பழைய கதையெல்லாம் வரிசையாக வந்தது. இந்த நிறுத்தத்தில் ஏறும் பள்ளி ஆசிரியர், அந்த நிறுத்தத்தில் கோழியோடு ஏறிச் சண்டை போட்ட கிழவர், எல்லாம் பேர் சொல்லிச் சொன்னார். இன்றைக்குக் காலை என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் விழிப்பார், அது வேறு விஷயம்.

"அந்தக் கோழி உங்க தொப்பி மேல உட்கார்ந்துச்சே, அதைச் சொல்லல?"

"அது உன் தலை மேல உட்கார்ந்துச்சு."

"என் தலையில உட்கார்ந்தா அன்னைக்கே கொழம்பு வச்சிருப்பேன்."

இப்படிச் சிரித்துக்கொண்டு போனாலும் அவள் கழுத்து ஓய்வில்லாமல் வலமும் இடமும் திரும்பிக்கொண்டிருந்தது. தொமமாயேயில் ரோட்டோரக் கடையில் ஆக்டோபஸ் பஜ்ஜி போட்ட சோறு சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, ஒரு குட்டி லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஒரு அம்மாள் வலப்பக்கமிருந்து வந்தாள். தெய்ஜி "க்ளியர்" என்றார். "இருங்க, நாய்," என்றாள் மிட்சுயோ. முட்டைக்கோஸ் அம்மாள் கையசைத்துவிட்டுப் போனாள். அவள் உயிர் தப்பினது அவளுக்கே தெரியாது.

"இந்த ரோட்ல நாய் ஜாஸ்தியாயிடுச்சு," என்றார் தெய்ஜி.

ஹபோரோ தாண்டியதும் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. பட்டாணி அளவில், காரின் கூரையில் சடசடவென்று. ரோடு நேராகப் போகிறது, இரண்டு பக்கமும் மூங்கில் புல். கண்ணாடியில் பின்னால் ஒரு பால் லாரி வருவதை மிட்சுயோ பார்த்தாள். பெரிய வெள்ளித் தொட்டி வைத்த லாரி. நல்ல வேகத்தில் வந்தது.

ரோட்டில் ஒரு இடத்தில் லேசான மேடு உண்டு. பழைய தண்டவாளம் குறுக்கே போன இடம். ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனபோது சிஹாரு சின்னப் பெண். இப்போது அங்கே மேடு ஒன்றுதான் மிச்சம், அதையும் தெரிந்தவர்கள்தான் கண்டுபிடிக்க முடியும். தெய்ஜி கியரைக் குறைத்தார். பிரேக்கை மெதுவாக, பயணிகள் குலுங்காத மாதிரி, பஸ்காரர் மிதிக்கிற மாதிரி மிதித்தார். கார் நடுரோட்டில் நின்றது. கண்ணாடியை இறக்கி வெளியே காது வைத்துக் கேட்டார்.

"கேட் போட்டுட்டான்," என்றார். "தெற்கே போற வண்டி. இன்னிக்கும் லேட்டு."

மிட்சுயோ அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எடுங்க, எடுங்க வண்டியை" என்றாள். அவர் நகரவில்லை. பின்னால் பால் லாரியின் ஹாரன் அலறியது, அலறிக்கொண்டே பெரிதானது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காரே பக்கவாட்டில் தள்ளாடுகிற மாதிரி ஒரு காற்று அடித்தது. கண்ணைத் திறந்தபோது லாரி எதிர்ப் பாதையில் ஏறி அவர்களைத் தாண்டிப் போய் முன்னால் நின்றிருந்தது. எதிரே வந்த ஒரு சிவப்புக் கார் புல்லில் இறங்கி, ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்குள் ஒரு இளம்பெண்ணும், பின்சீட்டில் குழந்தைக்கான இருக்கையும் தெரிந்தன. அந்த இருக்கையில் குழந்தை இருந்தது.

மிட்சுயோ ஆலங்கட்டியில் இறங்கி ஓடினாள். அந்தப் பெண்ணுக்கு உதடு வெளுத்திருந்தது. குழந்தை வாயில் பிஸ்கட்டோடு மிட்சுயோவைப் பார்த்தது. ஒரு கீறல் இல்லை. மிட்சுயோ குனிந்து, இன்னும் குனிந்து, மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். லாரிக்காரர் தலையில் துண்டு கட்டிய ஐம்பது வயதுக்காரர். இறங்கி வந்து, மேலும் கீழும் ரோட்டைப் பார்த்துவிட்டு, பின்புறத்திலிருந்து தள்ளி அந்தக் காரை ரோட்டில் ஏற்றிவிட்டார். அது போன பிறகுதான் தெய்ஜியின் ஜன்னலுக்கு வந்தார்.

"பெரியவரே, நடுரோட்ல என்னத்துக்கு நின்னீங்க? பன்னெண்டு டன் பாலோட வரேன் நான். நெனச்ச இடத்துல நிக்குமா அது?"

தெய்ஜி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கேட் போட்டிருக்குல்ல. நீயும் டிரைவர்தானே, கேட்ல முந்தலாமா?"

லாரிக்காரர் மேட்டைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். அவர் இந்தப் பக்கத்து ஆள்தான், பழைய கேட் இருந்த இடம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. முகத்திலிருந்த கோபம் இறங்கிப்போனது. அது போகாமல் இருந்திருந்தால் மிட்சுயோவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"எங்கே போறீங்க?"

"வடமுனைக்கு."

லாரிக்காரர் வடக்கே ரோட்டைப் பார்த்தார். "நான் பாலை இறக்கிட்டு இதே ரோட்லதான் திரும்பி வருவேன்," என்றார். "அப்ப உங்க காரு எதிர்ல வந்துடுமோன்னு பயந்துக்கிட்டே வரணுமா நான்?"

"வராது," என்றாள் மிட்சுயோ.

"வாக்கா?"

"வாக்கு."

அவர் போய்விட்டார். கார் இன்னும் நடுரோட்டில் நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம், பத்தடியில் பஸ் ஒதுங்குகிற இடமும், காற்றுக்குப் பயந்து பலகை அடித்த ஒரு நிறுத்தக் குடிலும் இருந்தன. அதுவரைக்கும் காரைக் கொண்டுபோக வேண்டும். கேட் போட்டிருக்கும்போது தெய்ஜி நகர மாட்டார். அது மிட்சுயோவைப் போல வேறு யாருக்கும் தெரியாது. அவள் காருக்கு முன்னால் போய் மேட்டின் மேல் நின்றாள். தலையில் ஆலங்கட்டி விழுந்தது. வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், இல்லாத ரயில் போய் முடியும்வரைக்கும் நின்றாள்.

"போயிடுச்சு. கேட் தூக்கியாச்சு," என்று கத்தினாள். அந்தக் குரல் இன்னும் அப்படியேதான் இருந்தது. "வாங்க... வாங்க... ரைட், ரைட்..."

அவள் முன்னால் நடக்க, கார் பின்னால் வந்தது. மேட்டைத் தாண்டி, ஒதுங்குமிடத்தில் திரும்பி, ஓரக்கல்லுக்கு ஒரு சாண் இடம் விட்டு, "ஹோல்டான்" என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து முழுசாக வருவதற்குள் நின்றது. அவ்வளவு அழகாக ஓட்டினார்.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். தெய்ஜி கண்ணாடியைச் சரிசெய்தார், கியரில் கை வைத்தார், வலப்பக்கம் விரலை நீட்டினார்.

"வலம் க்ளியர்."

மிட்சுயோ ஒன்றும் சொல்லவில்லை.

தெய்ஜி காத்திருந்தார். கூரையில் ஆலங்கட்டி நின்று, மழையாக மாறியது. துடைப்பான் இரண்டு பக்கமும் போய் வந்தது.

"என்ன, இடப்பக்கம் வண்டி வருதா?"

"இல்ல."

"நாயா?"

"நாயும் இல்ல."

"அப்ப சொல்லேன்."

"சொல்ல மாட்டேன்," என்றாள். "இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே சொல்ல மாட்டேன்."

தெய்ஜியின் முகம் சிவந்தது. "என்னடி நெனச்சிக்கிட்டிருக்க? நீ போன பிறகு ஒத்தை ஆளா முப்பது வருஷம் ஓட்டினேன். உன் ரைட் இருந்தாதான் சக்கரம் சுத்துமா? உக்காரு பேசாம." கியரைத் தள்ளினார். கால் பிரேக்கை விட்டு எழுந்தது. கார் ஒரு முழம் உருண்டது.

மிட்சுயோ ஜன்னலைச் சட்டென்று இறக்கி, வெளியே கையை விட்டு, கதவில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை அறைந்தாள்.

கார் நின்றது. தெய்ஜியின் கால்தான் நிறுத்தியது. அப்புறம் என்ஜினை அணைத்தார். திரும்பிப் பின்கண்ணாடி வழியாக மேட்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"கேட் எங்கே?"

"எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சுங்க."

"ரயிலு?"

"அதுவும்தான்."

"நான் பாத்தேன் மிட்சு."

"தெரியும்."

"நீ போயிடுச்சுன்னு சொன்னியே. இப்பதான், முன்னால நின்னுக்கிட்டு."

"பொய்."

அவர் அதை யோசித்தார். யோசிப்பது அவருக்கு இப்போதெல்லாம் சிரமமான வேலை, நெற்றி சுருங்கியது. "நாயி?" என்று கேட்டார்.

"நாயும் பொய்தான். நீங்க வலப்பக்கம் பாக்கறதில்லங்க. போன வருஷத்துலேருந்து. விரல் மட்டும் நீட்டறீங்க. நான்தான் ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டு வரேன்."

எதற்கும் தயாராகத்தான் இருந்தாள் அவள். கத்துவார், காரைவிட்டு இறங்கி நடந்துவிடுவார், இல்லாவிட்டால் அழுவார். அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒரு வருஷமா பொய் ரைட்டா சொன்ன?" என்றார். "கண்டக்டரு பொய் ரைட் சொல்லலாமா, மிட்சு? வண்டி நெறைய ஜனம் இருக்குமே."

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அவரை நிற்கவைத்துக் கேட்டவள் அவள். அதே கேள்வியை இப்போது அவர் கேட்கிறார், சத்தம் போடாமல் கேட்கிறார். பிஸ்கட்டோடு பார்த்த அந்தக் குழந்தையின் முகம் வந்து நின்றது. தன் கண்ணைக் கொடுத்து அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தாளே தவிர, ரோட்டில் எதிரே வருகிறவர்களை நினைக்கவில்லை.

"தப்புதாங்க," என்றாள். "பெரிய தப்பு."

தெய்ஜி சாவியை உருவினார். அந்தக் காலத்தில் டிப்போவில் வேலை முடிந்து ஒப்படைப்பது போல, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

குடிலில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டாள். "சிஹாரு, ஹபோரோவுக்கு மேலே பழைய கேட் கிட்ட காரை விட்டிருக்கோம். மாப்பிள்ளையை வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

"என்னம்மா ஆச்சு, காரு ரிப்பேரா?"

"காருக்கு ஒண்ணும் இல்ல."

"நல்லாத்தான் ஓட்டறாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தியேம்மா," என்றாள் சிஹாரு.

"சொன்னேன். வீட்டுக்கு வந்து திட்டு, இப்ப வேண்டாம்."

முதலில் வந்தது தெற்கே போகிற பஸ். இரண்டு பேரும் கைபிடித்து ரோட்டைக் கடந்தார்கள். தெய்ஜி பழக்கத்தில் டிரைவர் ஏறும் முன் கதவுப் பக்கம் போனார், மிட்சுயோ சட்டையைப் பிடித்துப் பயணிகள் ஏறுகிற பின் கதவுக்கு இழுத்துப் போனாள். உள்ளே மூன்றே பேர். டிரைவர் ஒரு இளம்பெண், வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள். "ஏறுங்க, நிதானமா," என்றாள்.

"வடக்கே போகணும்னியே," என்றார் தெய்ஜி, உட்கார்ந்ததும்.

"பாதியில திரும்பறது நமக்கு என்ன புதுசா?" என்றாள் மிட்சுயோ. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

டிரைவர் பெண் வலப்பக்கம் விரல் நீட்டினாள், இடப்பக்கம் நீட்டினாள், மைக்கில் "வலம் க்ளியர், இடம் க்ளியர், புறப்படுகிறது" என்றாள். தெய்ஜியின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருப்பதை மிட்சுயோ பார்த்தாள். பிரேக் அங்கே இருப்பது போல அழுத்திக்கொண்டிருந்தார். முன்னால் அந்த மேடு இருந்தது.

"என்னங்க?"

"நீ சொல்லல."

"அந்தப் பொண்ணு சொல்லிடுச்சே. இது ஒத்தை ஆள் வண்டி."

"நீ சொல்லு."

மிட்சுயோ எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க ஜன்னலில் பார்த்தாள். எதிர்ப்பக்கம் அவர்களுடைய வெள்ளைக் கார் மழையில் நின்றது. அதற்கு அப்பால் ரோடு வடக்கே போனது, அதில் ஒன்றும் வரவில்லை. இடப்பக்க ஜன்னலில் பார்த்தாள். மேட்டைப் பார்த்தாள்.

"ரைட்," என்றாள்.

அவர் காலை எடுக்கவில்லை. "நிஜமாவா?" என்று கேட்டார்.

அவள் மறுபடியும் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நிஜமா," என்றாள்.